மரக்கால் சொல்லும் வரலாறு: மக்கள் இயக்கத்தைப் பாடமாக நடத்த ஐந்து பாடவேளைகள்

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றி எழுதுக என்று பத்தாம் வகுப்பில் கேட்டால், பெரும்பாலான விடைத்தாள்கள் ஒரே அமைப்பில் இருக்கும். இராஜாஜி அழைத்தார், மக்கள் திரண்டனர், உப்பு எடுத்தனர், கைதாயினர். மதிப்பெண் வழங்க இது போதும். ஆனால் ‘திரண்டனர்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ கேள்விகள் மறைந்துவிடுகின்றன. முதலில் வந்தவர் யார்? அவரை யார் பேசி அழைத்து வந்தார்? தலைவர் சிறைக்குப் போன மறுநாள் ஊரில் என்ன நடந்தது? பத்தாண்டு கழித்து என்ன மிஞ்சியது? இவற்றுக்கு விடை தேடாத மாணவர், இயக்கம் என்றால் ஒரு தலைவரும் ஒரு கூட்டமும் என்றே எண்ணிக்கொண்டு பள்ளியை விட்டுச் செல்வார்.

இக்குறையை நிரப்ப எங்கள் பகுதியின் சொந்த வரலாறு கைகொடுக்கிறது. 1940களில் தொடங்கிய கிழக்குத் தஞ்சை விவசாயிகள் இயக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஐந்து பாடவேளைகளில் நடத்தக்கூடிய ஒரு திட்டத்தை இங்கே தருகிறேன். பத்தாம் வகுப்பு வரலாற்றில் ‘தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம்’, ‘தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்’ ஆகிய அலகுகளை ஒட்டி இதை நடத்தலாம். பிற மாவட்ட ஆசிரியர்கள் தத்தம் பகுதி இயக்கம் ஒன்றை இதே படிகளில் பொருத்திக்கொள்ளலாம்.

கற்றல் விளைவுகள்

பாட முடிவில் மாணவர்
• ஒரு குறை எவ்வாறு பொதுக் கோரிக்கையாக மாறுகிறது என்பதை விளக்குவர்.
• ஓர் இயக்கம் வளர்ந்ததற்கும் தளர்ந்ததற்கும் உரிய காரணங்களைப் பிரித்துக் கூறுவர்.
• சட்டம் வருவதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் உள்ள இடைவெளியை உணர்வர்.
• தம் ஊரின் பொது ஆவணம் ஒன்றைப் படித்துக் கேள்வி எழுப்புவர்.

முதல் பாடவேளை: யார் நிலம், யார் உழைப்பு?

1940களின் தஞ்சைக் கழனியை மாணவர் கண்முன் கொண்டுவர, கரும்பலகையில் மூன்று சொற்கள் போதும்: மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள். மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தபின் பாசனம் உறுதிப்பட்டது. ஆனால் ஒரு வேலி, அதாவது 20 மா நிலம் விளைந்தால் அது யார் யார் வீட்டுக்குப் போனது என்பதே கேள்வி. பெரும்பங்கு நிலம் மிராசுதார்களிடமும் மடங்கள், கோயில்களிடமும் இருந்தது. குத்தகைதாரரும் வாரதாரரும் பயிர் வைத்து, விளைச்சலில் பெரும்பகுதியை அளந்து கொடுத்தனர். பண்ணையாள் குடும்பத்தோடு பண்ணைக்குக் கட்டுப்பட்டவர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியலின மக்கள். கூலி நெல்லாகவே கிடைத்தது. வாங்கிய கடன் அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. எதிர்த்துப் பேசியவருக்குச் சவுக்கடியும், சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனையும் இருந்தன.

இவ்விடத்தில் மாணவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏன் டீச்சர், வேலையை விட்டுட்டுப் போயிருக்கலாமே?” இதற்கு உடனே விடை சொல்லிவிட வேண்டாம். குடிசை யாருடைய இடத்தில் இருந்தது என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். பண்ணையாளின் குடிசை இருந்த மனையும் மிராசுதாருக்கே உரியது. வேலையை விட்டால் அன்றிரவு தங்க இடமில்லை. தனியொருவர் ஏன் பேச முடியவில்லை என்பது இதிலேயே புரிந்துவிடும். ஊரே சேர்ந்து நின்றால் மட்டுமே பேச முடியும் என்ற முடிவுக்கு மாணவர்கள் தாமாகவே வருவார்கள். சங்கம் என்ற சொல்லை அதன்பிறகு அறிமுகப்படுத்துவது நல்லது.

இரண்டாம் பாடவேளை: மரக்கால் கணக்கு

இது கணக்குப் பாடவேளை. 12 மரக்கால் ஒரு கலம் என்ற வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு மரக்காலுக்கு எத்தனை படி என்பது இடத்துக்கு இடம் வேறுபட்டது. பண்ணைகளில் கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க வேறொரு மரக்கால் என்று இருந்த வழக்கமும் உண்டு. கூலிக்கு அளப்பது சிறியது, வாங்குவதற்கு அளப்பது பெரியது. அதனால்தான் முத்திரை பதித்த மரக்காலில் அளக்க வேண்டும் என்பது சங்கத்தின் தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்றாயிற்று.

இனி வகுப்புக்கான கணக்கு. எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை.

1. ஒருவருக்கு நாள் கூலி 2 மரக்கால். ஆண்டில் 180 நாள் வேலை. மரக்கால் எட்டில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் அவர் இழந்த நெல் எவ்வளவு?
(மொத்தக் கூலி 360 மரக்கால், அதாவது 30 கலம். இழப்பு 45 மரக்கால், அதாவது 3 கலம் 9 மரக்கால்.)

2. ஒரு குத்தகைதாரர் 40 கலம் அளந்து கொடுக்க வேண்டும். அளக்கும் மரக்கால் பன்னிரண்டில் ஒரு பங்கு பெரியதாக இருந்தால் கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு?
(40 கலம் 480 மரக்கால். கூடுதல் 40 மரக்கால், அதாவது 3 கலம் 4 மரக்கால்.)

இரு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபின் கேளுங்கள்: பண்ணையாளும் குத்தகைதாரரும் ஒரே சங்கத்தில் சேர முடியுமா? இருவரும் வேறு வேறு சாதியினராக, வேறு வேறு தெருவினராக இருந்தவர்கள். குத்தகைதாரரே சில வேளைகளில் பண்ணையாளிடம் வேலை வாங்குபவர். ஆனால் ஒரே மரக்கால் ஒருவரைக் குறைத்தும் மற்றவரைக் கூட்டியும் ஏமாற்றியிருக்கிறது. பொதுக் கோரிக்கை பிறக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. துன்பம் ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆனால் அளவு எல்லார் கண்ணுக்கும் ஒன்றுபோல் தெரியும். ‘எங்களை மதியுங்கள்’ என்ற கோரிக்கை நியாயமானது என்றாலும், அது நிறைவேறியதா என்று மறுநாள் சோதிக்க முடியாது. ‘முத்திரை மரக்காலில் அள’ என்ற கோரிக்கையைக் களத்துமேட்டில் நிற்கும் எவரும் அந்த நொடியே சோதிக்கலாம்.

ஊர்ப் பெரியவர்களிடம் ‘நம் ஊரில் நெல்லை எதனால் அளந்தார்கள்? யார் அளந்தார்கள்?’ என்று கேட்டுவரச் சொல்லலாம். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி தன் அப்பாயியிடம் கேட்டு வந்து சொன்னாள்: “அளந்து போட்டதைத்தான் வாங்குனோம். மரக்காலைக் கையால தொட்டதில்லைன்னு சொல்லுது டீச்சர்.” இரண்டு வரிதான். அளவுகோலைத் தொடும் உரிமை யாருக்கு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது.

மூன்றாம் பாடவேளை: சங்கம் வளர்ந்த விதம்

அகில இந்திய அளவில் விவசாயிகள் சங்கமான கிசான் சபை 1936இல் லக்னோவில் தொடங்கப்பட்டது. தஞ்சைக் கிராமங்களில் அது வேர்விட்டது 1943க்குப் பிறகு. மன்னார்குடிப் பகுதியில் உள்ள தென்பரையில் 1943இல் தொடக்கக் கிளை ஒன்று அமைந்தது. அவ்வாண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தஞ்சைக்கு அனுப்பிய பி. சீனிவாசராவ், கன்னட நாட்டில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை கண்டவர். சேரிகளிலேயே தங்கி, அங்கேயே உண்டு, அம்மக்களின் தமிழில் பேசப் பழகியவர்.

வெளியூரிலிருந்து வந்த ஒருவரால் மட்டும் இயக்கம் நிற்காது என்பதைக் காட்ட, அடுத்து உள்ளூர்ப் பெயர்களுக்கு வாருங்கள். களப்பால் குப்பு, களப்பாலைச் சேர்ந்த பட்டியலினத் தலைவர். தம் மக்களிடையே சங்கம் கட்டியவர், 1948இல் திருச்சிச் சிறையில் உயிரிழந்தார். மணலூர் மணியம்மை, இளவயதில் கணவரை இழந்த பிராமணப் பெண். கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை அணிந்து, சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று விவசாயத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டியவர். 1953இல் மான் முட்டி இறந்தார். அவர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்ற நாவலாக எழுதியிருக்கிறார். பள்ளி நூலகத்தில் இருந்தால் மாணவியரிடம் கொடுக்கலாம்.

1944இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் நிலவுடைமையாளர்களுடன் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்பது எழுத்தில் ஏறியது. 1948இல் மாயூரம் ஒப்பந்தம் கூலியை உயர்த்தியது. எழுத்தில் ஏறியது என்பதை மாணவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அதுவரை தண்டிப்பதும் மன்னிப்பதும் ஒருவரின் மனநிலையைப் பொறுத்தவை. தாளில் வந்தபிறகு மீறல் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

சங்கத்தின் வலிமை எங்கிருந்து வந்தது? நடவும் அறுவடையும் காலம் தவறக்கூடாத வேலைகள். நாற்று முற்றினால் விளைச்சல் குறையும். கதிர் சாய்ந்தபின் மழை பெய்தால் நெல் முளைவிடும். அந்தச் சில நாட்களில் ஆட்கள் ஒன்றாகக் கையை எடுத்தால் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகவேண்டும். ஆனால் அதே நாட்களில்தான் தொழிலாளியும் ஆண்டு முழுமைக்குமான நெல்லைச் சேர்க்கிறார். போராட்டம் இருபக்கமும் கூர் உள்ள அரிவாளாகிவிடுகிறது. ‘நீங்கள் சங்கச் செயலாளராக இருந்தால் அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு கோரிக்கையை வைப்பீர்கள்? ஏன்?’ என்று குழுவுக்குக் கொடுங்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் இக்கேள்வியில் நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள். வழக்கமாக வாய்திறக்காத மாணவர்கள் முன்வரிசைக்கு வருவதை இப்பாடவேளையில் பார்க்கலாம்.

நான்காம் பாடவேளை: தளர்ச்சியும் சட்டமும்

இயக்க வரலாற்றை வெற்றிப் பட்டியலாக நடத்தினால் அது பாதி உண்மைதான். சுவரில் ஒரு காலக்கோடு ஒட்டி, ஒவ்வோர் ஆண்டின் கீழும் ‘கிடைத்தது என்ன, இழந்தது என்ன’ என்று இரு கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். ஆசிரியர் தரவேண்டிய செய்திகள் இவை.

1948 – 1950: கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போராட்ட வழியை ஏற்ற காலம், அரசின் அடக்குமுறையும் கடுமையான காலம். சிறையும் தலைமறைவுமாகச் சங்க வேலை முடங்கியது. முத்துப்பேட்டை மாணவர்களுக்கு இது பக்கத்து ஊர்க் கதை. தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயா சென்று தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரான எஸ். ஏ. கணபதியை, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் ஆங்கிலேய அரசு தூக்கிலிட்டது. சிங்கப்பூரில் இருந்து திரும்பி இங்கு இயக்கத்தில் இணைந்த வாட்டாக்குடி இரணியனும், ஜாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதத்தில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவ்விடத்தில் மாணவரிடம் கேட்க வேண்டியது: முன்னணியினர் இல்லாதபோது ஊரில் எது நின்றது, எது நின்றுபோனது? ஆயுதம் ஏந்திய வழி பற்றிய மாறுபட்ட கருத்துகளையும் மாணவர் தயக்கமின்றிச் சொல்லட்டும்.

1952: இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, ஆகஸ்டில் தஞ்சாவூர் சாகுபடியாளர் – பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டே அது முழுச் சட்டமாயிற்று. பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது என்றது. சாகுபடியாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கே அது பொருந்தியது. ஆனால் பலர் பண்ணையாட்களை விடுத்து அன்றாடக் கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினர். பண்ணை அடிமைமுறை மறைந்தது. அதோடு ஆண்டு முழுவதும் வேலை என்ற சிறு பாதுகாப்பும் போயிற்று. ஒரே நிகழ்வு இரு கட்டங்களிலும் எழுதப்பட வேண்டியது என்பதை மாணவர் இங்கு உணர்வர்.

1956: நியாயவாரச் சட்டம் நஞ்சை நிலத்தில் உடைமையாளரின் பங்கை நூற்றுக்கு 40 ஆகக் குறைத்தது. குத்தகைதாரர் பெற்ற முன்னேற்றம் நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு எட்டவில்லை. ஒரே சங்கத்துக்குள் இருவரின் தேவைகளும் விலகத் தொடங்கின.

1961: நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் எனச் சட்டம் வந்தது. அதன் ஓட்டைகளை அடைக்கக் கோரிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்களில், செப்டம்பர் 30 அன்று சீனிவாசராவ் மறைந்தார். அவர் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் உள்ளது. 1970இல் உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.

1968: பசுமைப் புரட்சியால் விளைச்சல் பெருகிய காலம். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் பரவி, குறுவையின் பரப்பு விரிந்தது. பெருகிய விளைச்சலில் தங்களுக்கும் பங்கு கேட்டனர் தொழிலாளர்கள். கீழ்வெண்மணியில் கேட்டது கூலியில் அரைப்படி கூடுதல். டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒளிந்த பட்டியலின மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இப்பகுதியை நடத்தும்போது குரலைத் தாழ்த்தி, செய்தியை மட்டும் சொல்லி, சிறிது நேரம் அமைதியாக இருந்துவிடுவது என் வழக்கம். படங்களோ கொடூர வர்ணனைகளோ தேவையில்லை.

1969, 1971: கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. முதல் பாடவேளையில் கேட்ட ‘குடிசை யாருடைய இடத்தில் இருந்தது’ என்ற கேள்விக்கு அரசு தந்த விடை அதுதான். இதற்கு ஆண்டுகள் எத்தனை ஆயின என்று மாணவரையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1943இலிருந்து 28 ஆண்டுகள்.

1981, 1996: கீழ்வெண்மணிக்குப் பின் இப்பகுதிக்கு வந்து தங்கிய காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் உழுவோரின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலத்தைப் பேசி, விலைக்கு வாங்கி, கூலித் தொழிலாளிப் பெண்களின் பெயரில் பதிவு செய்யும் வழி அவர்களுடையது. 1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, நல்ல நீரும் நெல் வயலும் உவர்ப்பாயின. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்கியது. அலையாத்திக் காடும் உப்பங்கழியும் உள்ள முத்துப்பேட்டை மாணவர்களுக்கு இதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

காலக்கோடு நிறைந்தபின் ஒரு பொதுவுண்மை தென்படும். சட்டம் வந்த ஆண்டும் அது ஊருக்கு வந்த ஆண்டும் ஒன்றல்ல. சட்டத்தைப் படிக்கவும், கூலியை எண்ணவும், குறைவைச் சொல்லவும் ஆள் இருந்த ஊரில் அது விழித்திருந்தது. இல்லாத ஊரில் தூங்கியது. இயக்கத்தைக் கட்டுவது கோபத்தால் முடியலாம். தாங்கி நிறுத்துவது கணக்கால்தான் முடிகிறது.

ஐந்தாம் பாடவேளை: இன்றைய மரக்கால் எது?

இதை விளக்க இராஜஸ்தானுக்கு ஒருமுறை போய் வரலாம். அங்கு 1990இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் கிராமத் தொழிலாளர்களும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினர. அரசு நிவாரண வேலைகளில் கூலி குறைவாகக் கிடைப்பது அவர்களின் குறை. நீ செய்த வேலைக்கு இவ்வளவுதான் என்று பதிவேட்டைக் காட்டாமல் சொன்னார்கள். எனவே பதிவேட்டின் நகலைக் கேட்டனர். 1994 முதல் ஊர்ப் பொதுவில் பந்தல் போட்டு, வேலையாள் வருகைப் பதிவேட்டை உரக்கப் படித்தனர். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டதும், கட்டாத கட்டடத்துக்குப் பணம் எடுக்கப்பட்டதும் ஊரார் முன்னிலையில் வெளிவந்தன. அந்தக் கோரிக்கை நாடெங்கும் வளர்ந்து, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. மாநில அளவில் இத்தகைய சட்டத்தை 1997இலேயே முதலில் இயற்றியது தமிழ்நாடு என்பதையும் மாணவர் அறிய வேண்டும்.

தஞ்சையில் மரக்கால், இராஜஸ்தானில் பதிவேடு. இரண்டும் அளக்கும் கருவிகள். இரண்டும் உழைப்பவர் கைக்கு எட்டாமல் இருந்தவை. கருவி அவர்கள் கைக்கு வந்தபோது இயக்கம் வலுப்பெற்றது. உலகின் எப்பகுதி மக்கள் இயக்கத்தை எடுத்துக்கொண்டாலும் மாணவர் இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: அங்கு மரக்கால் எது? அது யார் கையில் இருந்தது?

செயல்பாடு: குழுவுக்கு ஐந்து பேர். கீழ்க்காண்பவற்றில் ஒன்றை எடுத்து, வீட்டில் கேட்டு, வகுப்பில் விளக்க வேண்டும்.
• 100 நாள் வேலை அட்டை: எத்தனை நாள் பதிவாகியுள்ளது? கூலி வங்கிக் கணக்கில் எப்போது வந்தது?
• நியாயவிலைக் கடை அறிவிப்புப் பலகை: ஒரு குடும்ப அட்டைக்கு உரிய அளவு எவ்வளவு? தராசு முத்திரை எங்கே உள்ளது?
• நெல் கொள்முதல் நிலையம்: மூட்டையின் எடை, ஈரப்பதம், விலை ஆகியவற்றை யார் எழுதுகிறார்? விவசாயி எதைப் பார்க்க முடிகிறது?
• மீன் ஏலம்: எடை போடுவது யார்? கழிவு எவ்வளவு?
• கிராமசபை: கடந்த கூட்டத்தின் தீர்மானங்கள் எவை? அவற்றில் நிறைவேறியது எது?

தமிழ்நாட்டில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடத்தும் முறை உள்ளது. பேரூராட்சிப் பகுதிக் குழந்தைகள் பக்கத்து ஊராட்சியில் உள்ள உறவினர் வழியாக இதைக் கேட்டறியலாம். மாணவர் சென்று சண்டையிட வேண்டும் என்பது நோக்கமல்ல. கேள்வி கேட்கும் முன் ஆவணத்தைப் படித்துவிட்டு வரும் பழக்கம் ஏற்பட வேண்டும்.

ஆசிரியரின் கவனத்திற்கு

1. எங்கள் ஊர் வகுப்பறையில் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் தந்தையின் மகனும், மீனவர் மகளும், நடவுக்குப் போகும் தாயின் மகளும், நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பேரனும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். ‘உங்கள் தாத்தா என்னவாக இருந்தார்?’ என்ற கேள்வியை எக்காரணம் கொண்டும் கேட்க வேண்டாம். ‘உங்கள் வீட்டில் மரக்கால் இருந்ததா?’ என்பதும் வகுப்பைப் பிரித்துவிடும். ‘நம் ஊரில் எப்படி அளந்தார்கள்?’ என்பது எல்லாருக்கும் பொதுவான கேள்வி. சொல்ல விரும்புபவர் சொல்வார்.

2. நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளைகள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக உணரக்கூடாது. அவர்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் இருந்த முறையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் பாடவேளையிலேயே தெளிவாக்குங்கள். அதேநேரம், யாருக்கும் வருத்தம் வரக்கூடாது என்று சவுக்கடியைப் பாடத்திலிருந்து நீக்கிவிட்டால், மறுபக்கம் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வரலாற்றை நீக்கியவராவோம்.

3. காங்கிரஸ், கம்யூனிஸ்ட், திராவிட இயக்கம், சர்வோதயம் எனப் பலரும் இவ்வரலாற்றில் வருகின்றனர். கட்சியின் பெயரை மறைக்கவும் வேண்டாம், கட்சிக்காகப் பேசவும் வேண்டாம். ஒரே நிகழ்வுக்குத் தொழிலாளி, குத்தகைதாரர், மிராசுதார், வட்டாட்சியர் ஆகிய நால்வர் நிலையில் நின்று எழுதவைப்பது நல்ல வழி.

4. பெரியவர்களிடம் கேட்டு எழுதும் செய்திகளில் உயிருடன் உள்ளவர்களின் பெயரைக் குறிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊரும் ஏறத்தாழ எந்தக் காலம் என்பதும் போதும்.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டுக்குக் கீழ்க்காணும் வினாக்கள் உதவும்.
• ‘முத்திரை மரக்கால்’ என்ற கோரிக்கை பண்ணையாள், குத்தகைதாரர் இருவரையும் எவ்வாறு இணைத்தது? கணக்குடன் விளக்குக.
• 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த நன்மை ஒன்றும் எதிர்பாராத விளைவு ஒன்றும் எழுதுக.
• வேதாரண்யம் உப்பு நடைப்பயணத்தையும் தஞ்சை விவசாயிகள் இயக்கத்தையும் கால அளவு, பங்கேற்றோர், கோரிக்கை ஆகிய மூன்றிலும் ஒப்பிடுக.
• உன் ஊரில் இன்று தேவைப்படும் கோரிக்கை ஒன்றை, நிறைவேறியதா என்று ஒரு மாதத்தில் சோதிக்கக்கூடிய வகையில் இரண்டு வரிகளில் எழுதுக.

கடைசி வினா எளிதாகத் தோன்றும். எங்கள் வகுப்பில் முதலில் வந்த விடை, ‘ஊர் முன்னேற வேண்டும்’. அடுத்து, ‘தண்ணீர் நன்றாக வர வேண்டும்’. மூன்றாம் முறை திருத்தி எழுதியபோது ஒரு குழு எழுதியது: ‘எங்கள் தெருக் குழாயில் வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்று நாங்கள் 30 நாள் குறித்துவைப்போம். அந்தத் தாளோடு மனு கொடுப்போம்.’ தாளில் கோடு போட்டுத் தேதி எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். இன்று பதினோராம் நாள். இதுவரை ஏழு நாள் தண்ணீர் வந்திருக்கிறது.